குளியல் தளத்தின் அடிப்படுகை: நீர்த்தடையும் தாங்குதிறனும் பிரிந்த வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

நீர் விழும் தளத்தின் உறுதி, கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பைவிட அதன் கீழ் அமைந்த படுகையையே பெரிதும் சார்ந்துள்ளது. பழங்காலக் குளியல் தளங்களில் படுகை, நீரைத் தடுத்தல், சுமையைத் தாங்குதல் என்னும் இரு பொறுப்புகளையும் ஒருங்கே ஏற்றிருந்தது. சிந்துவெளியின் நிலக்கீல், உரோமர்களின் செங்கற்பொடிச் சாந்து, சென்னையின் சுண்ணாம்புத் தளம், ஐரோப்பிய நீரியல் சிமெண்டு, ஈயத்தகடு, இன்றைய வார்ப்புத் தட்டு ஆகியவற்றின் ஊடாக இவ்விரு பொறுப்புகளும் படிப்படியாகப் பிரிந்தன. ஷவர் தட்டின் கீழ் இடவேண்டிய பொருளைத் தெரிவு செய்வதில் இன்று காணப்படும் குழப்பம் இப்பிரிவை உணராமையால் விளைவது என்பதையும், பிரிந்த பொறுப்புகள் தட்டின் விளிம்பு மூட்டில் மீண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குளியல் தளம், அடிப்படுகை, சுர்க்கி, சுண்ணாம்புச் சாந்து, நிலக்கீல், ஷவர் தட்டு, கட்டுமானத் தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

மேலிருந்து பொழியும் நீரை ஏந்தி வடிகுழாய்க்குச் செலுத்தும் ஒற்றை வார்ப்புத் தட்டு ஷவர் தட்டு எனப்படும். இது பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளுக்குரியது. தமிழகக் குளியலறைகளில் பொதுவாகத் தளமே நீரை ஏந்துகிறது. எவ்வகைக் குளியலறையாயினும் நீர் விழும் பரப்பின் கீழ் ஒரு படுகை உண்டு. அப்படுகை எப்பொருளால் அமைய வேண்டும் என்னும் வினாவும் அங்கெல்லாம் உண்டு.

ஷவர் தட்டைப் பொறுத்தவரை இவ்வினாவுக்குத் தொழில் வழக்கில் ஒன்றுக்கொன்று முரணான விடைகள் கிடைக்கின்றன. மணலும் சிமெண்டும் கலந்த சாந்து என்பர் சிலர். ஓடு பதிக்கும் ஒட்டுசாந்து என்பர் வேறு சிலர். சிலிக்கோன் பசையை ஆங்காங்கே வைத்தால் போதும் என்போரும், பாலியூரித்தேன் நுரையை நிரப்புவோரும், ஜிப்சக் கலவையைப் பயன்படுத்துவோரும் உளர். ஒவ்வொரு விடையும் படுகையின் பணி யாது என்பது பற்றிய ஓர் எடுகோளைத் தன்னுள் கொண்டுள்ளது. நீரைத் தடுப்பது, தட்டை ஒட்டிப் பிடிப்பது, சுமையைத் தாங்குவது, மேடுபள்ளத்தை நிரப்புவது எனப் பணி மாறும்போது பொருளும் மாறுகிறது. எனவே பொருளைப் பற்றிய வினாவுக்கு முன்னதாகப் பணியைப் பற்றிய வினா எழுப்பப்பட வேண்டும். அதற்கான விடை படுகையின் வரலாற்றில் உள்ளது.

1. மொகஞ்சதாரோ: அடுக்குகளிடையே பகிர்ந்த பணி

முதிர்ந்த சிந்துவெளி நாகரிகக் காலத்தைச் (கி.மு. 2600–1900) சார்ந்த மொகஞ்சதாரோவின் பெருங்குளம், நீர்த்தடைத் தொழில்நுட்பத்தின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. 1925–26 காலகட்டத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட இக்குளம் சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. அதன் தளத்தில் சுட்ட செங்கற்கள் கிடையாக இடப்படாமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கப்பட்டுள்ளன. இடைவெளிகள் ஜிப்சச் சாந்தால் நிரப்பப்பட்டுள்ளன. செங்கல் சுவருக்குப் பின்னே ஓர் அங்குல அளவுக்கு நிலக்கீல் பூசப்பட்டுள்ளது.

ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையக்கூடியது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 முதல் 2.5 கிராம் வரை கரையும். எப்போதும் நீர் நிற்கும் குளத்துக்கு அது பொருந்தாத பொருளாகத் தோன்றலாம். ஆனால் செங்கற்கள் மிக நெருக்கமாகப் பொருத்தப்பட்டமையால் சாந்து நீரைத் தொடும் பரப்பு மெல்லிய கோடாகச் சுருங்கியது. அதனையும் தாண்டிக் கசியும் நீரை நிலக்கீல் நிறுத்தியது. செங்கல் சுமையைத் தாங்க, சாந்து இடைவெளியை நிரப்ப, நிலக்கீல் நீரைத் தடுக்க எனப் பணிகள் அடுக்குகளிடையே பகிரப்பட்டமை இங்குத் தெளிவாகத் தெரிகிறது.

இந்நகரின் வீடுகளிலிருந்த குளியல் மேடைகளில் இவ்வளவு செலவுமிக்க அமைப்பு இல்லை. நெருக்கமாக அடுக்கிய செங்கல் தளமும் வடிகாலை நோக்கிய வாட்டமும் மட்டுமே அங்கிருந்தன. தேங்கும் நீருக்குத் தடை வேண்டும். ஓடும் நீருக்கு வாட்டம் போதும் என்னும் வேறுபாட்டை இவ்விரு அமைப்புகளும் காட்டுகின்றன. பின்வந்த எல்லாக் குளியல் தளங்களுக்கும் இவ்வேறுபாடு பொருந்தும்.

2. விட்ரூவியஸ்: அசையும் அடித்தளம் பற்றிய எச்சரிக்கை

படுகையை அடுக்கடுக்காக விளக்கும் விரிவான எழுத்துச் சான்று, கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ரூவியஸ் எழுதிய கட்டடக்கலை நூலின் ஏழாம் புத்தகத்தில் கிடைக்கிறது. கைப்பிடியளவுக் கற்களாலான அடியடுக்கு. அதன்மேல் மூன்று பங்கு உடைகல்லுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்த்து இடித்து இறுக்கிய நடுவடுக்கு. அதன்மேல் மூன்று பங்கு சுடுமண் பொடிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்த்த மேலடுக்கு என்பது அவர் கூறும் முறை. இடித்து முடிந்த நிலையில் நடுவடுக்கின் தடிப்பு முக்கால் அடிக்குக் குறையலாகாது. மேலடுக்கு ஆறு விரலுக்குக் குறையலாகாது. இன்றைய அளவில் இவை முறையே சுமார் 22 செ.மீ., 11 செ.மீ. ஆகும்.

இந்நூலின் மூன்று செய்திகள் படுகை வரலாற்றில் சிறப்பிடம் பெறுகின்றன. முதலாவது, மரத்தளத்தின்மேல் படுகை அமைப்பது பற்றியது. ஓக் பலகைகள் ஈரத்தை ஏற்று முறுக்கிக்கொண்டு மேலுள்ள தளத்தில் வெடிப்பை உண்டாக்கும் என்று அவர் எச்சரிக்கிறார். ஒவ்வொரு பலகையும் இரு ஆணிகளால் அறையப்பட வேண்டும் என்றும், சுண்ணாம்பு மரத்தைத் தாக்காதவாறு இடையே பெரணியையோ வைக்கோலையோ பரப்ப வேண்டும் என்றும் கூறுகிறார். படுகைக்கும் அதன் அடித்தளத்துக்கும் இடையிலான அசைவு வேறுபாடே வெடிப்புக்குக் காரணம் என்னும் புரிதல் இங்கு வெளிப்படுகிறது.

இரண்டாவது, வாட்டம் பற்றியது. திறந்தவெளித் தளங்களுக்குப் பத்தடி நீளத்துக்கு இரண்டு விரல் வாட்டம் வேண்டும் என்கிறார். ஓர் உரோம அடி பதினாறு விரல் கொண்டது. எனவே இது 80-க்கு 1 என்னும் விகிதம். நனையும் தளங்களுக்கு இன்றைய பிரித்தானியத் தரநெறி 35-க்கு 1 முதல் 80-க்கு 1 வரையான வாட்டத்தைப் பரிந்துரைக்கிறது. நீரின் ஓட்டம் மாறாததால் அதற்கான விகிதமும் பெரிதும் மாறவில்லை.

மூன்றாவது, பராமரிப்பு பற்றியது. உறைபனி புகாதிருக்க ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன் இத்தளங்களில் எண்ணெய்க் கசண்டை ஊறவிட வேண்டும் என்கிறார். சாந்தின் நுண்துளைகளைத் தாவரப் பொருளால் அடைக்கும் இவ்வழக்கம், வேறு வடிவில் சென்னைத் தளத்திலும் காணப்படுகிறது.

தூய சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே இறுகும்; நீருக்கடியில் இறுகாது. சுட்ட களிமண் பொடியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் வினைபுரிவதால் ஈரத்திலும் இறுகும் சேர்மங்கள் உருவாகின்றன. உரோமக் குளியலறைகளும் நீர்த்தொட்டிகளும் செங்கற்பொடிச் சாந்தைப் பெரிதும் நம்பியமைக்கு இதுவே காரணம். இவ்வகைத் தளத்தில் படுகையே நீர்த்தடையாகவும் விளங்கியது. ஆயினும் இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள உரோமப் பெருங்குளம் 45 ஈயத்தகடுகளால் வேயப்பட்டுள்ளது. வெந்நீர் தொடர்ந்து நிற்கும் குளத்துக்குச் சாந்தைத் தனியே நம்பாமல் உலோகத் தடை சேர்க்கப்பட்டதற்கு இது சான்று.

3. சுர்க்கியும் சென்னைத் தளமும்

செங்கற்பொடியும் சுண்ணாம்பும் வினைபுரிந்து ஈரத்தில் இறுகும் பண்பு இந்தியக் கட்டுமானத்திலும் நெடுங்காலம் பயன்பட்டது. சிவப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த சுர்க்கி என்னும் பெயர், செங்கற்பொடிக்கும் அது கலந்த சாந்துக்கும் வழங்கியது. 1895-இல் நிறைவுற்ற முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பு–சுர்க்கிக் கலவையால் கட்டப்பட்டது என்பது இச்சாந்தின் நீர்ப்பொறுதிக்குப் பலரும் அறிந்த சான்று.

வீட்டுக் கட்டுமானத்தில் இம்மரபின் செம்மையான வடிவம், மெட்ராஸ் டெரஸ் என வழங்கிய சென்னை மொட்டைமாடித் தளமாகும். மர உத்திரங்களின்மேல் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திக் குறுக்குச்சாய்வாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டி இறுக்குவர். தட்டும்போது கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் தெளிக்கப்படும். இறுதியில் தட்டோடு பதிக்கப்படும்.

இத்தளத்தில் படுகையின் இரு பணிகளும் பிரியவே இல்லை. சல்லிக் காரை உத்திரத்தின் சிற்றசைவுகளை ஏற்றது, வாட்டத்தைத் தந்தது, நீரையும் தடுத்தது. சுண்ணாம்புச் சாந்து சிமெண்டைவிட வலுக்குறைந்தது. அக்குறையே ஒரு நன்மையாயிற்று. சிறு அசைவுக்குப் பெருவெடிப்பாகப் பிளவாமல் மயிரிழைக் கீறல்களாக அது இடங்கொடுத்தது. கரைந்த சுண்ணாம்பு அக்கீறல்களில் மீண்டும் படிந்து அவற்றை ஓரளவு அடைக்கவும் செய்தது.

சுண்ணாம்புக் காரைக்கு உறுதி தந்தது தட்டுதல். நீரைக் குறைத்து, இடித்து இறுக்கி, வெற்றிடமின்றி நிரப்புவதே அதன் உட்பொருள். இன்று ஷவர் தட்டின் கீழ் இடப்படும் அரையுலர் சாந்தின் செய்முறையும் இந்நெறியையே பின்பற்றுகிறது.

4. சிமெண்டின் வருகையும் அது தந்த நம்பிக்கையும்

நீரில் இறுகும் சாந்துக்குச் செங்கற்பொடியோ எரிமலைச் சாம்பலோ தேவை என்னும் நிலை பதினெட்டாம் நூற்றாண்டில் மாறத் தொடங்கியது. 1756 முதல் 1759 வரை எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு நீரில் இறுகும் என்பதைச் சோதனைகளால் கண்டறிந்தார். 1818-இல் பிரெஞ்சுப் பொறியாளர் லூயி விக்கா நீரியல் சுண்ணாம்பு பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய சிமெண்டின் பண்புகள், 1840-களில் கலவையை மேலும் உயர்ந்த வெப்பத்தில் சுட்ட பின்னரே கைகூடின. இந்தியாவில் 1904-இல் சென்னையில் கிளிஞ்சலை மூலப்பொருளாகக் கொண்டு சிமெண்டு செய்யும் முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொடங்கிய உற்பத்தியே நிலைபெற்றது.

சிமெண்டுச் சாந்து விரைவில் இறுகியது. மிகுந்த வலுவும் தந்தது. இவ்வலுவே நீர்த்தடைக்கும் போதும் என்னும் நம்பிக்கை பரவியது. ஆனால் இறுகிய சிமெண்டுச் சாந்து நுண்துளைகள் உடையது, உலரும்போது சுருங்குவது, சுண்ணாம்பைப்போல அசைவுக்கு இடங்கொடாதது. சிமெண்டு மிகுதியாகச் சேர்ந்தால் சுருக்கமும் மிகும். அதனால் வெடிப்பும் மிகும். வலுவைக் கூட்டினால் நீர்த்தடை கூடும் என்னும் கருத்து இவ்விடத்தில் பொய்க்கிறது. செங்கற்பொடிச் சாந்திலும் சென்னைக் காரையிலும் ஒன்றாயிருந்த இரு பணிகள் பிரியவேண்டிய தேவை சிமெண்டின் வருகையோடு வலுப்பெற்றது.

5. ஈயமும் நிலக்கீலும்: தடை தனியாதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய நகர வீடுகளின் மேல்தளங்களுக்குக் குளியல் தொட்டி வந்தது. அத்தளங்கள் மரத்தாலானவை. கசிந்த நீர் மரத்தை உளுக்கச் செய்து கீழறையின் கூரைப் பூச்சையும் கெடுத்தது. தொட்டியின் கீழ் ஈயத்தகட்டாலான ஆழமற்ற தட்டு ஒன்றை விரித்து, அதிலிருந்து ஒரு குழாயை வெளிச்சுவர் வழியே நீட்டும் வழக்கம் உருவாயிற்று. அக்குழாயில் நீர் சொட்டினால் மேலே கசிவுண்டு என்பது தெரியவரும். பாத் நகரக் குளத்தின் ஈயம் போலன்றி இவ்வீயம் நீரைத் தாங்கி நிற்கவில்லை. தவறிய நீரை மட்டும் ஏந்தியது.

அமெரிக்காவில் ஓடு பதித்த ஷவர் தளங்களில் இக்கருத்து மேலும் வளர்ந்தது. முதலில் வாட்டமுடைய ஒரு சாந்தடுக்கு, அதன்மேல் ஈயத்தகடு, அதன்மேல் ஓடு பதிப்பதற்கான இரண்டாம் சாந்துப்படுகை என்பது அதன் அமைப்பு. புதுச் சிமெண்டின் காரத்தன்மை ஈயத்தை அரிக்கும் என்பதால் தகட்டுக்கு நிலக்கீல் பூசப்பட்டது. கலிபோர்னியாவில் ஈயத்துக்கு மாற்றாக, உருக்கிய நிலக்கீலையும் நிலக்கீல் ஊட்டிய தாளையும் அடுக்கடுக்காக இடும் முறை வேரூன்றியது. மொகஞ்சதாரோச் சுவரின் பின்னிருந்த அதே பொருள் மீண்டும் குளியல் தளத்தின் அடியில் இடம்பெற்றது.

இவ்வமைப்பில் மேற்படுகை நனையும் என்பது முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஓட்டின் இணைப்புகள் வழியே இறங்கும் நீர் படுகையை ஊடுருவித் தகட்டை அடைந்து, அதன் வாட்டத்தில் ஓடி, வடிகுழாயின் கழுத்திலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேறும். அத்துளைகள் சாந்தால் அடைபட்டாலோ, தகட்டின் கீழ் வாட்டம் இல்லாவிட்டாலோ படுகையில் நீர் தேங்கும். படுகை நீரைத் தடுக்க வேண்டியதில்லை. நீருக்கு வழிவிட்டால் போதும் என்னும் கோட்பாடு இங்கு முழுமை பெற்றது. பிரித்தானியத் தரநெறியான பி.எஸ். 5385-இன் 2015-ஆம் ஆண்டு நான்காம் பகுதி, நனையும் இடங்களில் ஓடு பதிக்கும் பரப்புக்குத் தனி நீர்த்தடை அளிக்குமாறு அறிவுறுத்துவதும் இக்கோட்பாட்டின் தொடர்ச்சியே.

6. வார்ப்புத் தட்டு: தடை மேலே ஏறுதல்

ஷவர் தட்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பத்தைக் கொணர்ந்தது. நீர்த்தடை படுகைக்குக் கீழிருந்து மேலே ஏறியது. தட்டே முழுத் தடையாயிற்று. படுகைக்கு எஞ்சியது தாங்கும் பணி மட்டுமே. ஆனால் தட்டின் பொருள் மாறுந்தோறும் இப்பணியின் தன்மையும் மாறியது.

தீக்களிமண்ணால் வனைந்து சுட்ட தட்டுகள் கனமும் விறைப்பும் உடையவை. சூளையில் சுருங்குவதால் அவற்றின் அடிப்பரப்பு முற்றிலும் சமமாக அமைவதில்லை. அவற்றுக்குப் படுகை இடைவெளி நிரப்பியாகப் பயன்பட்டது. தட்டின் கனமே அதனை அசையாமல் வைத்தது.

1930-களில் வணிக உற்பத்திக்கு வந்த அக்ரிலிக், பின்னர்க் குளியலறைப் பொருட்களுக்கும் பரவியது. வெப்பத்தால் மென்மையாக்கிய தகட்டை அச்சில் இழுத்து வடிவமைத்து, அடியில் கண்ணாடியிழையும் பிசினும் பூசி, பலகை ஒன்றைப் பதித்து வலுவூட்டினர். இத்தட்டு எடை குறைந்தது, மிதித்தால் வளையக்கூடியது. கனமான தட்டில் நிரப்பியாக மட்டும் இருந்த படுகை, அக்ரிலிக் தட்டின் விறைப்புக்கே பொறுப்பேற்க நேர்ந்தது. வெப்ப விரிவும் ஒரு சிக்கலாயிற்று. அக்ரிலிக் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.07 மி.மீ. விரிகிறது, கான்கிரீட் சுமார் 0.01 மி.மீ. மட்டுமே விரிகிறது. 900 மி.மீ. நீளமுள்ள தடையற்ற அக்ரிலிக் தகடு 30 டிகிரி சூடேறினால் கணக்களவில் 1.9 மி.மீ. நீளும், அதே அளவுள்ள கான்கிரீட் 0.3 மி.மீ.-க்கும் குறைவாகவே நீளும். கண்ணாடியிழை வலுவூட்டல் இவ்வேறுபாட்டைக் குறைக்கிறது, முற்றிலும் நீக்குவதில்லை.

பாலியெஸ்டர் பிசினில் கல்மாவைக் கலந்து வார்த்து, மேலே அக்ரிலிக் படலம் போர்த்திய கல்பிசின் தட்டுகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. அவை விறைப்பானவை, எடையும் மிக்கவை. ஆனால் மெல்லியனவாக வார்க்கப்படும்போது வளைவைப் பொறுக்காமல் வெடிக்கக்கூடியவை. எனவே அவற்றுக்கு அடிப்பரப்பு முழுவதும் தொடும் படுகை இன்றியமையாததாயிற்று.

7. பணிக்கேற்ற பொருள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, ஷவர் தட்டின் படுகை மூன்று தகுதிகளைப் பெற்றிருக்க வேண்டும் என்பது தெளிவாகிறது: அடிப்பரப்பு முழுவதையும் தொட்டுத் தாங்குதல், இறுகிய பின் வடிவம் மாறாமை, அடித்தளத்தின் அசைவுக்கு ஏற்ப அமைதல். வழக்கிலுள்ள பொருட்களை இவ்வளவுகோலால் மதிப்பிடலாம்.

கான்கிரீட் தளத்தின்மேல் நான்கு அல்லது ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமெண்டு சேர்த்த சாந்து மூன்று தகுதிகளையும் நிறைவு செய்கிறது. அது கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கே நனைந்திருக்க வேண்டும். நீர் மிகுந்தால் உலரும்போது படுகை சுருங்கித் தட்டைவிட்டு இறங்கும். சிமெண்டைக் கூட்டினாலும் அதே விளைவே ஏற்படும். நீர்த்தடைக் கலப்புகளைச் சேர்ப்பதால் இவ்விடத்தில் பயன் சிறிதே. அப்பணி ஏற்கெனவே தட்டிடம் சென்றுவிட்டது.

மரத்தளத்தில் நிலைமை வேறு. மரம் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும், நடக்கும்போது வளையும். இங்குத் தளத்தின் அசைவை முதலில் கட்டுப்படுத்த வேண்டும். ஈரம் தாங்கும் தடித்த ஒட்டுப்பலகையைத் திருகாணிகளால் இறுக்கி, அதன்மேல் நெகிழ்வுடைய ஒட்டுசாந்தை இடுதல் தகும். லேட்டக்ஸ் கலந்த இவ்வகை மெல்லிய சாந்துகள் 1950-களில் அமெரிக்காவில் வணிகத்துக்கு வந்தன. ஐரோப்பியத் தரநெறி இவற்றின் வளைவுத்திறனை அளந்து வகைப்படுத்துகிறது: சோதனையில் 2.5 மி.மீ. முதல் 5 மி.மீ.-க்குள் வளைந்து கொடுப்பவை எஸ்1 என்றும், 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளைபவை எஸ்2 என்றும் குறிக்கப்படுகின்றன. பலகையை இரு ஆணிகளால் அறையச் சொன்ன விட்ரூவியஸின் அறிவுரையும் இவ்வகைப்பாடும் ஒரே சிக்கலுக்குரிய இரு காலத் தீர்வுகள்.

சாந்தைக் குவியல்களாக ஆங்காங்கே வைக்கும் முறை முதல் தகுதியிலேயே தோற்கிறது. 900 மி.மீ. சதுரத் தட்டின் கீழ் 100 மி.மீ. விட்டமுள்ள ஐந்து குவியல்கள் இருந்தால், அடிப்பரப்பில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே தாங்கப்படுகிறது. எஞ்சிய பகுதி குவியல்களுக்கிடையே பாலம்போல் நிற்கிறது. குளிப்பவரின் முழு எடையும் ஒற்றைக் காலில் விழும் நொடியில் அப்பாலம் வளைகிறது.

சிலிக்கோன் பசை காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றே வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி இறுகும். தட்டின் கீழ் அடைபட்ட தடித்த பசை இறுக நெடுநாள் ஆகும். இறுகிய பின்னும் அது ரப்பரைப்போல் அழுந்தும். பாலியூரித்தேன் நுரை இறுகும்போது விரிந்து, ரசமட்டம் பார்த்து வைத்த தட்டைத் தூக்கிவிடும். பின்னர் மிதியில் அதன் நுண்ணறைகள் நசுங்கும். உலர்மணல் பளுவைத் தாங்கினும் அதிர்வில் இடம்பெயரும்.

ஜிப்சக் கலவை சுருங்காமல் விரைவில் இறுகுவதால் ஏற்புடையதாகத் தோன்றும். ஆனால் கசிவு தொடர்ந்தால் அது மென்மையாகிக் கரையும். சிமெண்டு ஒட்டுசாந்துடன் ஈரச்சூழலில் சேரும்போது விரியும் தன்மையுள்ள எட்ரிங்கைட் என்னும் சேர்மமும் உருவாகும். மொகஞ்சதாரோவில் ஜிப்சம் நிலைத்தமைக்கு நெருக்கமான செங்கல் அடுக்கும் பின்னிருந்த நிலக்கீலும் துணைநின்றன. அத்துணைகள் இல்லாத இடத்தில் அப்பொருளை மட்டும் எடுத்தாள்வது பொருந்தாது.

தட்டைப் படுகையோடு ஒட்டுவதா என்பது தனி வினா. விரிவு மிகுந்த மெல்லிய தட்டுகளுக்கும் சாந்துக்கும் இடையே பிளாஸ்டிக் தாளை விரிக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. தட்டு முழுமையாகத் தாங்கப்படும். ஆனால் விரிந்து சுருங்கத் தடையிராது. பின்னாளில் படுகையைச் சிதைக்காமல் தட்டை எடுக்கவும் இயலும். சுண்ணாம்புக்கும் மரத்துக்கும் இடையே பரப்பிய பெரணி அரிப்பைத் தடுக்க இடப்பட்டது. இத்தாள் அசைவுக்கு இடந்தர இடப்படுகிறது. நோக்கம் வேறாயினும், பொருந்தாத இரு பொருட்களுக்கிடையே மூன்றாவது ஒன்றை இடும் நெறி ஒன்றே.

முடிவுரை

குளியல் தளத்தின் படுகை நெடுங்காலம் தாங்குதலையும் தடுத்தலையும் ஒருங்கே செய்தது. உரோமச் செங்கற்பொடிச் சாந்தும் சென்னைச் சல்லிக் காரையும் இந்நிலைக்குரிய சிறந்த வடிவங்கள். மொகஞ்சதாரோவின் நிலக்கீலும் பாத் நகரின் ஈயமும், நீர் தேங்கி நின்ற இடங்களில் இப்பணிகள் பழங்காலத்திலேயே பிரியத் தொடங்கியதைக் காட்டுகின்றன. அசைவுக்கு இடங்கொடாத சிமெண்டு இப்பிரிவை எல்லாத் தளங்களுக்கும் உரியதாக்கியது. ஷவர் தட்டு நீர்த்தடையைத் தானே ஏற்று, படுகைக்குத் தாங்கும் பணியை மட்டும் விட்டுவைத்தது.

எனினும் பணிகள் பிரிந்தமையால் அவற்றின் விளைவுகளும் பிரிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. தட்டும் சுவரும் சந்திக்கும் விளிம்பு மூட்டில் சில மில்லிமீட்டர் அகலமுள்ள பசைக்கோடு ஒன்றே நீரைத் தடுக்கிறது. படுகையில் வெற்றிடம் இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் தட்டு இறங்கி ஏறும். அப்பசைக்கோடு சிறிது சிறிதாகப் பிரியும். நீர் கீழிறங்கி மரத்தையும் படுகையையும் கெடுக்கும். கெட்ட படுகை தட்டை மேலும் அசையவிடும். கசிவு கண்ட இடத்தில் புதுப்பசை பூசுவதால் இச்சுழற்சி நிற்பதில்லை. அதன் தொடக்கம் தாங்குதலில் உள்ளது. நீரைத் தடுக்கும் பொறுப்பு படுகையிடமிருந்து நீங்கிய பின்னும், நீர்த்தடையின் ஆயுளை இறுதியில் வரையறுப்பது படுகையே. கொத்தனார் கரணையால் பரப்பித் தட்டை வைத்த பின் எவர் கண்ணுக்கும் படாத அவ்வடுக்கின் பொருளை அதன் பணியறிந்து தெரிவதே முறையாகும்.